மரத்த இடத்து வலி

அறுவை முடிந்து ஆறு வருஷங்கள் ஆகின்றன. நோய் இல்லை; வலி இருக்கிறது. இதைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறார்கள். இரண்டாவது பாதி அவர்களுக்கு நன்றிகெட்டதனமாகப் படுகிறது. உயிரைத் திருப்பித் தந்தவர்களிடம் போய் வண்டிச் சத்தமும் கொடு என்று கேட்பது போல.

வலது மார்பையும் அக்குளில் இருந்த கணுக்களையும் எடுத்தபோது எனக்கு 49 வயது. வலி வடுவில் இல்லை. அக்குளின் குழியிலும் மேற்கையின் உட்பக்கத்திலும், உள்ளங்கை அகலத்துக்கு. அந்த இடம் மரத்துப்போயிருக்கிறது. ஊசி முனையால் தொட்டால் துணிக்கு மேல் தொடுகிறாற்போல்தான் தெரியும். ஆனால் ரவிக்கைக் கையின் ஓரம் உரசிவிட்டால் தீக்குச்சி கிழித்தது போல் எரியும். மரத்த இடம் எப்படி வலிக்கும்? வலி தர்க்கத்துக்குக் கட்டுப்படாது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். கவிதை என்ற பெயரில் அப்படி நகர்ந்தவர்கள் நம்மிடையே நிறைய. ஆனால் இதற்குத் தர்க்கம் இருக்கிறது. நரம்புக்குப் பெயரும் இருக்கிறது.

இன்டர்காஸ்டோபிரேக்கியல் என்று அதற்குப் பெயர். இரண்டாம் விலாவை ஒட்டி வெளிவந்து, அக்குளின் கொழுப்புக்குள் குறுக்காகப் போய், மேற்கையின் உட்புறத் தோலை அடைகிறது. அக்குளின் கணுக்களை வழித்தெடுக்கும்போது அது பல சமயம் அறுபடுகிறது, அறுபடாவிட்டாலும் இழுபடுகிறது. அறுபட்ட நுனிக்குத் தோலிலிருந்து இனிச் செய்தி வராது. அதனால்தான் மரப்பு. ஆனால் அந்த நுனி தானாகவே செய்தி அனுப்பத் தொடங்கிவிடுகிறது, முதுகுத்தண்டும் மூளையும் அதைத் தோலிலிருந்து வந்ததாகவே வாசிக்கின்றன. ஆளில்லாத வீட்டிலிருந்து கடிதம் வருகிற மாதிரி. பக்கத்தில் பிழைத்துக்கிடக்கும் இழைகள் வேறு, தொடுகையையே எரிச்சலாக மொழிபெயர்க்கின்றன.

நான் இருப்பது காவலூரில். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்திலிருந்து ஏறி வரும் பாதையில், வெளியூர்க்காரர்களுக்கு வானாய்வகத்தால் மட்டும் தெரிந்த ஊர். மலை ஜனங்களுக்கு அதைவிடச் சாமையும் பலாவும் நேரத்துக்கு வருகிற பஸ்ஸும் முக்கியம். இங்கே ஒரு பள்ளியில் 22 வருஷம் பாடம் சொன்னேன். அறுவைக்குப் பிறகு கரும்பலகையின் மேல் பாதி எனக்கு இல்லாமல் போயிற்று. கீழ்ப் பாதியில் நெருக்கி எழுதப் பழகினேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள். ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் இயல்பாக வருகிறது.

ஆஸ்பத்திரியில் வலியை எண்ணாகக் கேட்டார்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. நான் 4 என்றேன். கோப்பில் 4 ஏறியது. தலைவலிக்கும் அதே 4தான், தேள் கொட்டி இறங்கின பிறகும் அதே 4தான். இங்கே ஊருக்குத் திரும்பியதும் தண்ணீர்க் குழாயடியில் ஒரு கிழவி கேட்டாள்: “இன்னா மாதிரி நோவு டீச்சரம்மா? கடுக்குதா, எரியுதா, இழுக்குதா, கொடையுதா?” அவளுடைய கேள்வியில் ஒவ்வொரு சொல்லும் ஒரு பரிசோதனை. எரிச்சலும் சுரீரென்று பாய்வதும் நரம்பைக் காட்டுகின்றன. கடுப்பு பெரும்பாலும் தசையினுடையது. விண்விண் என்று தெறித்தால் சீழா என்று பார்க்கவேண்டும். இழுப்பு என்றால் வடு இறுகுகிறது, அல்லது அக்குளிலிருந்து முழங்கை நோக்கி ஒரு கயிறு முறுக்கேறிக் கிடக்கிறது. “உள்ள நூல் கோத்து இழுக்கிற மாதிரி” என்று பெண்கள் சொன்னால் உவமை என்று நினைத்துவிடக்கூடாது. தோலுக்கு அடியில் நிஜமாகவே நூல் மாதிரி தட்டுப்படும். மருத்துவம் அதைத் தனிப் பெயரிட்டு விவரித்தது 2001-இல்தான்.

கனடாவில் மெல்ஸாக் என்ற உளவியலாளர் 1975-இல் 78 வலிச் சொற்களை 20 கூட்டங்களாக அடுக்கி ஒரு வினாத்தாள் செய்தார். நோயாளி வலியை எண்ணால் சொல்லாமல் சொல்லால் சொல்லட்டும் என்பது அதன் நோக்கம். நல்ல காரியம். ஆனால் அதைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் நாம் சொல்லாத சொற்கள் வரும், சொல்கிற சொற்கள் விட்டுப்போகும். ‘வலி’ என்ற சொல்லே இங்கே முழுசாக நோவின் வசம் இல்லை. குறளின் 48-ஆம் அதிகாரம் வலியறிதல்; அதில் நோவு பற்றி ஒன்றும் இல்லை, பலத்தை எடைபோடுவது பற்றித்தான். பலத்துக்கும் நோவுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மொழியில், வலியைத் தாங்குவது பலம் என்று ஜனங்கள் நம்பினால் ஆச்சரியமில்லை. அந்த நம்பிக்கைக்கு என்ன விலை என்று பிறகு சொல்கிறேன்.

டென்மார்க்கில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 2005, 2006 இரண்டு வருஷங்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியதில் 3253 பேர் பதில் எழுதினார்கள். 2009-இல் முடிவு வெளியாயிற்று. 47 சதவீதம் பேருக்கு வலி இருந்தது. அவர்களில் 13 சதவீதம் கடுமை, 39 சதவீதம் நடுத்தரம், மற்றவர்களுக்கு லேசு. இன்னொரு எண்தான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது: வலி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் மட்டுமே அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அதற்காக மருத்துவரைப் பார்த்திருந்தார்கள். மருத்துவம் இலவசமாகக் கிடைக்கிற நாட்டிலேயே இப்படி. கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் வீட்டில் இருக்கிறார்கள்.

நேரே பார்க்கமுடியாததைப் பார்க்கும் வித்தை எங்கள் ஊருக்குத் தெரிந்ததுதான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மறைவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒருமுறை தாழ்ந்து மீண்டது. முதலில் துணைக்கோள் என்று கருதினார்கள். அமெரிக்க விமானத்திலிருந்து பார்த்தவர்களின் பதிவுகளோடு சேர்த்தபோது வளையம் என்று தெளிந்தது. நான் இப்போதெல்லாம் பஸ்ஸில் பெண்கள் எந்தக் கையால் மேல் கம்பியைப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். தலைக்கு மேல் குடத்தைத் தூக்கும்போது எந்தத் தோள் பின்தங்குகிறது, கொண்டை போடும்போது யார் தலையைக் கைக்குக் குனிந்து கொடுக்கிறார்கள் என்று. இந்த மலையில் இரண்டு பேரை அப்படிக் கண்டுபிடித்தேன். இருவரும் அறுவை செய்துகொண்டவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

யாருக்கு இந்த வலி தங்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லமுடிகிறது. 2016-இல் 30 ஆய்வுகளை, ஏறக்குறைய 20,000 பெண்களைச் சேர்த்துத் தொகுத்தார்கள். இளம் வயது, கரண்ட் வைத்தது (கதிர்வீச்சை இங்கே யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை), அறுவைக்கு முன்பே இருந்த வலி, அறுவை முடிந்த நாட்களில் கடுமையாக இருந்த வலி, அக்குளை வழித்தது. எல்லாவற்றிலும் கனமானது அக்குள். மார்பை முழுசாக எடுத்தார்களா, கட்டியை மட்டும் எடுத்தார்களா என்பது ஜனங்கள் நினைக்கிற அளவுக்கு இதில் வித்தியாசம் செய்வதில்லை. வெளியே தெரிகிற இழப்பு வேறு, வலிக்கிற இழப்பு வேறு.

அக்குளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஹால்ஸ்டட் 1894-இல் எழுதிய முறையில் மார்பு, அதன் அடியிலிருந்த தசைகள், அக்குள் கணுக்கள் எல்லாம் ஒரே துண்டாகப் போயின. எவ்வளவு அதிகம் எடுக்கிறோமோ அவ்வளவு பத்திரம் என்ற எண்ணம் முக்கால் நூற்றாண்டு ஆண்டது. 1971-இல் அமெரிக்காவில் ஃபிஷர் தொடங்கிய சோதனை, குறைவாக எடுத்தவர்களும் அதே அளவு வாழ்கிறார்கள் என்று காட்டிற்று. 90களில், நோய் முதலில் போய்ச்சேரும் கணுவை மட்டும் சாயம் ஏற்றி அடையாளம் கண்டு எடுத்துப் பார்க்கும் முறை வந்தது. அதைக் காவல் கணு என்கிறார்கள். (காவலூர்க்காரிக்கு இந்தப் பெயர் பிடித்துப்போனதில் வியப்பில்லை.) அதில் நோய் இல்லையென்றால் மற்றதைத் தொடவேண்டாம். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைக்கிற பெண்களில், ஒன்றிரண்டு காவல் கணுவில் நோய் இருந்தாலும்கூட மற்றதை விட்டுவைக்கலாம் என்று 2011-இல் வெளியான சோதனை சொன்னது. ஆனால் இதெல்லாம் அக்குளில் கைக்குக் கட்டி தட்டுப்படாத நிலையில் வந்து சேர்கிற பெண்ணுக்கு. நம் பெண்கள் வருகிறபோது பெரும்பாலும் தட்டுப்பட்டுவிடுகிறது. மேலை நாட்டுப் பெண்களைவிட ஏறக்குறைய பத்து வயது இளமையில் நோய் வருகிறது. வந்தபின் காட்டுவதற்குத் தாமதமாகிறது. தாமதத்தால் அக்குளும் போகிறது, கரண்டும் சேர்கிறது. பட்டியலில் தனித்தனியாக எழுதியிருக்கும் காரணங்கள் இங்கே ஒரே உடம்பில் வந்து கூடுகின்றன. சீக்கிரம் காட்டினால் உயிர் தப்பும் என்று சுவரில் எழுதுகிறார்கள். கையும் தப்பும் என்று யாரும் எழுதுவதில்லை. மலையில் கை போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது போலும்.

இப்போது விலை. அறுவையான முதல் வாரத்தில் என் வார்டில் எட்டுப் பேர். நர்ஸ் கேட்டால் ஏழு பேர் “பரவாயில்லை” என்றார்கள். நானும் அந்த ஏழில் ஒருத்தி. இரவில் அந்தப் பரவாயில்லைகள் முனகுவது கேட்கும். பிரசவத்தில் கத்தாதவள் என்று பேர் வாங்குகிறோம் அல்லவா, அதே பயிற்சி. முதல் நாட்களின் கடும் வலிக்கும் பிறகு தங்கிவிடும் வலிக்கும் தொடர்பு இருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. முதலதைத் தணித்தால் இரண்டாவது வராது என்று முழுசாக நிரூபணமாகிவிடவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம் அடியில் இருக்கலாம். ஆனால் அறுவைக்கு முன் முதுகெலும்பின் பக்கத்தில் போடுகிற மரப்பு ஊசி போன்றவை தங்கும் வலியைக் குறைக்கக்கூடும் என்று 2018-இல் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. “பரவாயில்லை” என்று சொல்கிறவளுக்கு யாரும் எதையும் கூட்டிப் போடுவதில்லை.

மனசு பற்றியும் சொல்லவேண்டும். மூன்றாம் வருஷம் ஒரு டாக்டர் என் கையைப் பார்க்காமலேயே “இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது” என்றார். கோபம் வந்தது. பிறகு படித்துப் பார்த்ததில் அவர் சொன்னது பாதி சரி, சொன்ன விதம் முழுத் தப்பு என்று பட்டது. மெல்ஸாக்கும் வாலும் 1965-இல் சொன்னது, முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு வாயில் இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அதைத் திறந்து மூடுகின்றன என்பது. விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டன, அடிப்படை நின்றுவிட்டது. பயமும் தூக்கமின்மையும் வாயிலைத் திறந்துவைக்கின்றன என்றால் வலி பொய் என்று ஆகாது. ஆனால் ஆய்வுக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. வலியைப் பூதாகாரமாக்கிப் பார்க்கும் மனப்போக்கு என்று ஒன்றை அளக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் பேரழிவு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கை உயராவிட்டால் மாடு கறப்பது யார், விறகு இறக்குவது யார் என்று யோசிக்கிறவள் எதையும் பூதாகாரமாக்கவில்லை. அது கூட்டல் கழித்தல்.

கீழே வேலூரில் 1946-இல் வந்து சேர்ந்த ஒரு டாக்டர் வலியைக் கொண்டாடினார். பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். அவரும் ஒரு வகையில் மலைக்காரர். தொழுநோயாளிகளின் விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாததால் அவர்களே சுட்டுக்கொண்டும் கீறிக்கொண்டும் இழக்கிறார்கள் என்று நிறுவினார். பின்னாளில் அமெரிக்காவில், அவர்களுக்காகக் கையுறையில் கருவி வைத்துச் செயற்கை வலி உண்டாக்கப் பார்த்தார். அவசியமான நேரத்தில் அவர்கள் அதை அணைத்துவிட்டார்கள். வலி ஒரு காவல், அணைக்கமுடியாததுதான் அதன் சிறப்பு என்பது அவர் கட்சி. நான் அவரை மதிக்கிறேன். ஆனால் வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகும் வாசலில் நின்று கத்துகிற காவலாளியை என்ன செய்வது? அறுவைக்குப் பின் மூன்று மாதம் தாண்டியும் தங்கும் வலி, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் தனக்கென்று ஓர் இடம் பெற்றது 11-ஆம் பதிப்பில், 2022-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான். அதுவரை அது வேறு ஏதோ ஒன்றின் நிழல்.

இலக்கியத்திலும் நிழல்தான். ஃபானி பர்னி 1811-இல் பாரிஸில், மயக்க மருந்து இல்லாத காலத்தில், மார்பை அறுத்துக்கொண்டார். அதைச் சகோதரிக்குக் கடிதமாக எழுதி முடிக்க அடுத்த வருஷம் வரை ஆயிற்று. எழுதினதைத் திரும்பப் படிக்க அவருக்குத் துணிவில்லை. அது பெரிய எழுத்து. ஆனால் அது கத்தியின் வலி. ஸூசன் ஸோன்டாக் 1978-இல் நோயும் உருவகமும் பற்றி எழுதிய புத்தகத்தில், தானும் அந்த அறுவைக்கு உட்பட்டவர் என்பதை ஒரு வரியிலும் சொல்லவில்லை. உருவகங்களைக் கலைக்க வந்தவர் உடம்பையும் சேர்த்துக் கலைத்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஆட்ரி லார்ட் 1980-இல் வேறுவிதமாகச் செய்தார். இல்லாத மார்பின் வலியை நாட்குறிப்பில் வைத்தார். நம் சினிமாவில் ‘நீர்க்குமிழி’ முதல் ‘வாழ்வே மாயம்’ வரை புற்றுநோய் வந்தவன் சாகிறான். சாவுக்குப் பாட்டு உண்டு. பிழைத்து, ரவிக்கை போட வலிக்கிறவளுக்குக் காட்சி இல்லை. நாடகம் அதில் குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் என்னிடம் படித்த ஒருத்தி வந்தாள். 38 வயது. இடது மார்பில் கட்டி, அக்குளில் கைக்குத் தட்டுப்படுகிற கணு, நாலு மாதமாக மார்பில் கடுப்பு. அடுத்த வாரம் கீழே ஆபரேஷன், பிறகு கரண்ட். அந்தப் பட்டியலை எதிரில் உட்காரவைத்தது போல் இருந்தாள். அவளிடம் எவ்வளவு சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். வலி தங்கலாம் என்று சொன்னால் பயம் கூடும். பயமும் பட்டியலில் இருக்கிறது. சொல்லாவிட்டால் அவளும் “பரவாயில்லை” என்பாள்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மயக்க மருந்து டாக்டரிடம், முன்பே வலி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மரப்பு ஊசி உண்டா என்று கேட்க வேண்டும். இரண்டாம் நாள் வலித்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். டாக்டர் அனுமதித்ததும் விரலால் சுவர் ஏறும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். மூன்று மாதம் கழித்தும் எரிந்தால் நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் உண்டு. எனக்கு அது பாதியைக் குறைத்தது. அடியில் வலிச் சொற்களை வரிசையாக எழுதினேன், கோப்புக்காரர்கள் எண் கேட்டாலும் இவற்றில் ஒன்றைச் சேர்த்துச் சொல் என்று. கடுக்குது, எரியுது, இழுக்குது, கொடையுது, சுரீருங்குது, மரத்துக்கெடக்குது.

முதலில் அவள் கேட்டது வேறு. “சாமை அறுப்புக்கு எந்திரிச்சிடுவனா டீச்சர்?”

இந்த வருஷம் அறுக்காதே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அவள் தாளை வாசித்தாள். வகுப்பில் வாசித்தது போலவே உதட்டை அசைத்து வாசித்தாள்.

“‘ஊறுது’ எழுதலியே டீச்சர்.”

“உனக்கு இப்பவே ஊறுதா?”

“எனக்கில்ல. எங்க பெரிம்மாவுக்கு. அவங்களுக்கும் இதே ஆபரேஷன்தான். எறும்பு ஊறுது, எறும்பு ஊறுதுன்னு கையத் தட்டிக்கினே இருப்பாங்க. நாங்க சிரிப்போம்.”

தாளை வாங்கிக் கடைசியில் அதையும் எழுதினேன். காப்பீட்டு அட்டை வைத்திருந்த உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.